நடுவரா, சமரசரா, குலுக்கலா: கடைசி வார்த்தை யாருடையது?

ஒரு விவகாரத்தை முடித்துவைப்பவருக்குத் தமிழில் பெயர்கள் ஏராளம். நடுவர், மத்தியஸ்தர், சமரசர், தீர்ப்பாளர், நீதிபதி, நாட்டாமை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். செய்திகளில் இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுவதைத் தினமும் பார்க்கிறோம். எழுதுகிறவருக்கு அது நடைக்காகச் செய்த மாற்றம். வழக்கில் மாட்டியிருப்பவருக்கோ தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ‘இவர் சொன்னால் நான் கேட்டே ஆக வேண்டுமா?’ ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கு வேறு வேறு பதில் இருக்கிறது.

அதிகச் சுமை தூக்குவது ‘நடுவர்’தான். நோ பால் என்று கை நீட்டுபவர் நடுவர். பட்டிமன்ற மேடையில் இரண்டு அணிக்கும் வலிக்காமல் தீர்ப்புச் சொல்பவரும் நடுவர். மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அதிகாரம் கொண்ட முதல் வகுப்பு நீதித்துறை நடுவரும் நடுவரே. காவிரிப் பிரச்சினைக்காக 1990இல் அமைத்தது ‘நடுவர் மன்றம்’. பசுமை வழக்குகளுக்காக 2010இல் வந்தது ‘தீர்ப்பாயம்’. இரண்டுக்கும் அடியில் இருப்பது டிரிபியூனல் என்ற ஒரே சொல். இதில் எனக்குப் பிடித்தது தீர்ப்பாயம்தான். தீர்ப்புச் சொல்லும் இடம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. நடுவர் மன்றம் என்றால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பார்கள் போல என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் காவிரி நடுவர் மன்றம் வழக்கு விசாரணை நடத்தி, 2007இல் இறுதித் தீர்ப்பே கொடுத்தது.

இந்தக் குழப்பம் சாதாரண ஆட்களைத் தொடும் இடம், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். கடன் பத்திரம், வீடு கட்டும் ஒப்பந்தம், கூட்டு வியாபாரப் பத்திரம் எதை எடுத்தாலும் இப்படி ஒரு வரி இருக்கக்கூடும்: ‘இதனால் எழும் தகராறுகள் யாவும் நடுவரின் தீர்வுக்கு விடப்படும், அவர் முடிவே இறுதியானது.’ படிப்பவர் மனதில் ஓடுவது, பிரச்சினை வந்தால் யாரோ நடுவில் வந்து பேசிவிடுவார் என்பது. அப்படி இல்லை. 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி இந்த நடுவர் சொல்வது நீதிமன்ற ஆணை போலவே நிறைவேற்றப்படும். அதை ரத்து செய்யும்படி நீதிமன்றத்தில் கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். மிஞ்சிப்போனால், தக்க காரணம் காட்டி, இன்னும் முப்பது நாள். அங்கேயும் சாட்சியத்தைப் புதிதாக எடைபோட்டுப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் நேராக வழக்குப் போட்டாலும், எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியை உரிய நேரத்தில் காட்டிவிட்டால், விவகாரம் பெரும்பாலும் நடுவரிடமே திரும்பிப் போகும். சட்டத் தமிழில் இவருக்கு ‘இசைவுத் தீர்ப்பாளர்’ என்றும் ஒரு பெயர் உண்டு. நாக்கில் எளிதில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு உண்மைகளை அது மறைக்காமல் வைத்திருக்கிறது: நீங்கள் இசைந்துதான் அவரிடம் போகிறீர்கள், போன பிறகு அவர் தருவது தீர்ப்பு. பத்திரங்களில் இந்தச் சொல்லையே போட வேண்டும் என்பேன்.

இவர்களின் எண்ணிக்கையிலும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. எத்தனை பேரை வைத்துக்கொள்வது என்பது தரப்பினர் விருப்பம், ஆனால் இரட்டைப்படையில் வைக்கக்கூடாது. ஒருவர் அல்லது மூவர் இருக்கலாம், இருவர் மட்டும் கூடாது. கருத்துச் சரிபாதியாகப் பிளந்து நிற்கும் நிலைமையைச் சட்டம் வாசலிலேயே தடுத்துவிடுகிறது.

சமரசர் முற்றிலும் வேறு ஆள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் சமரச மையம் தொடங்கிய பிறகு இந்தச் சொல் நீதிமன்ற வளாகங்களில் நன்றாகவே பழகிவிட்டது. அவர் இரு தரப்பையும் சேர்த்து உட்காரவைப்பார். அப்புறம் தனித்தனியாகப் பேசுவார். ஒருவர் தனியாகச் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் மற்றவரிடம் சொல்ல மாட்டார். உள்ளே பேசியது வெளியே சாட்சியமாகாது. முக்கியமாக, யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லவே மாட்டார். பேச்சு முறிந்தால் வழக்கு இருந்த இடத்துக்கே திரும்பும்; ஒத்துவந்தால் கையெழுத்து போடுவது நீங்கள்தான். சமரச மையத்திலிருந்து அழைப்பு வந்ததும் ‘தீர்ப்புச் சொல்லிவிடுவார்களோ’ என்ற பயத்தில் அங்கே போகாமலே இருப்பவர்கள் ஒரு நல்ல வாய்ப்பை விடுகிறார்கள். மத்தியஸ்தர் என்பதும் ஏறத்தாழ இதே வேலைதான். நாடுகளுக்கு இடையே போர் நிறுத்தம் பேசுபவருக்கு அந்தச் சொல் பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும். அவரை ‘நடுவர்’ என்று எழுதுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

மக்கள் நீதிமன்றம் நடுவருக்கும் சமரசருக்கும் இடையில் நிற்கிறது. பெயரில் நீதிமன்றம் இருந்தாலும், வழக்கமான அமர்வுகளில் இரு தரப்பும் ஒத்துவந்தால்தான் முடிவு. ஆனால் ஒத்துவந்து கையெழுத்தாகிவிட்டால் அதன் மீது மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கையெழுத்துக்கு முன்னால் ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பாருங்கள். கட்டப்பஞ்சாயத்தை இந்த வரிசையிலேயே வைக்கக்கூடாது. அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லிவிட்டது.

ஆட்கள் போகட்டும், வாக்கெடுப்புக்கு வருவோம். வாக்குகள் சமமாகிவிட்டால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தலைவரின் காஸ்டிங் ஓட்டு. நம் நாடாளுமன்றத்தில் சபாநாயகர் முதலில் வாக்களிக்க மாட்டார்; இரு பக்கமும் சமமானால்தான் அவருக்கு வாக்கு. பிரிட்டனில் இதற்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் மரபு ஒன்று உண்டு: விவாதம் தொடர வழி இருந்தால் சபாநாயகர் அதற்கு வாக்களிப்பார், பெரும்பான்மை கிடைக்காத ஒரு மாற்றத்தைத் தன் ஒற்றை வாக்கால் உண்டாக்க மாட்டார். அமெரிக்க செனட்டில் துணை அதிபருக்கு அந்தத் தயக்கம் இல்லை, பொதுவாகத் தன் கட்சிக்கே போடுவார். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒருவர் வாக்கு பிரேக், இன்னொருவருடையது ஆக்ஸிலரேட்டர்.

மற்றது குலுக்கல். நம் தேர்தல் சட்டத்தின்படி இரு வேட்பாளர்கள் சம வாக்கு பெற்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் சீட்டுக் குலுக்கிப் போடுவார். சீட்டு விழுந்தவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கணக்கு. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருவர் தலா 11,608 வாக்கில் நின்றார்கள். பெயர்களை ஃபிலிம் டப்பாவில் போட்டு, ஒரு கிண்ணத்தில் வைத்து எடுத்தார்கள். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மையா, இரு கட்சியும் சரிபாதியா என்பதே அந்த டப்பாவில் தீர்மானமானது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் இதற்கு மூத்த முறை இருக்கிறது. நிலம், வயது, கல்வி என்று தகுதி பார்த்தபின், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ‘திருவுளச்சீட்டு’ என்ற சொல்லில் தெய்வம் வந்துவிடுகிறது. குடவோலையில் இருப்பது ஓலையும் குடமும் ஒரு சிறுவனின் கையும்தான்.

காஸ்டிங் ஓட்டா, குலுக்கலா என்று கேட்டால், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது குலுக்கலே மேல். தலைவரின் வாக்கில் தோற்றவர் அந்தத் தலைவர் மீது வருத்தம் வைத்துக்கொள்வார். சீட்டு மீது அப்படி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு தீர்மானத்தை ஏற்பதா வேண்டாமா என்ற கேள்வியைக் குலுக்கலுக்கு விடவே கூடாது. அங்கே முடிவெடுத்தவர் ஏன் அப்படி எடுத்தார் என்று விளக்கம் சொல்லியாக வேண்டும். சீட்டிடம் விளக்கம் கேட்க முடியாது.