பங்காரப்பேட்டை ஜங்ஷன்: தங்கவயல்காரி ஒருத்தியின் மதிப்பீடு

பெங்களூரில் கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் கோலார் தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்-ல், சாம்பியன் ரீஃப் பக்கம் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு தடவையாவது போய் வருவேன், அதனால் ஆபீசில் யாராவது கே.ஜி.எஃப் போகவேண்டும் என்றால் பஸ்ஸா ரயிலா என்று என்னிடம்தான் கேட்பார்கள். ரயில், பங்காரப்பேட்டை வழியாக. என் பதில் மாறியதே இல்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஏன் நாலரை, அந்த அரை எங்கே போனது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெங்களூரில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இந்த ஸ்டேஷன் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு மஞ்சள் பலகை, அவ்வளவுதான்.

பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அந்தப் பக்கம் ஜோலார்பேட்டைக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான், நட்டநடுவில் இருக்கிறது. பெங்களூர் தண்டு (கன்டோன்மென்ட்) ஸ்டேஷனுக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே பாதை திறந்தது 1864-ல். மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரை பெயரில் இந்த ஊருக்கு முன்பு பௌரிங்பேட்டை என்று பெயர், எங்கள் தாத்தா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். அப்புறம் தங்கச் சுரங்கத்துக்காக 1894-ல் இங்கிருந்து தங்கவயலில் உள்ள மாரிக்குப்பம் வரை ஒரு கிளைப்பாதை போட்டார்கள், 16 கிலோமீட்டர்தான். ஊர்காம், கோரமண்டல், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயரையே ஸ்டேஷன்களுக்கும் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கோலார் பாதை. அது ரொம்ப காலம் குறுகிய பாதையாக இருந்தது, கோலாருக்கு அப்பால் சிக்கபள்ளாபூர் வரை அகலப்பாதை ஆனது 2013-ல்தான். அந்தப் பக்கம் வண்டிகள் குறைவு, கோலார் போகிறவர்கள் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

ஆனால் எங்களுக்கு இது வெறும் மூன்று பாதை சேரும் இடம் இல்லை. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து மூன்று நாலு தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிய குடும்பங்கள், ஒரே நாளில் மேலே நின்றன. ஊரைக் காலி செய்துகொண்டு போகாமல் இன்றும் இத்தனை பேர் அந்தச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் வண்டிதான். அப்பா அதில் பல வருடம் பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். வீட்டு வாடகை பெங்களூரில் கொடுத்தால் சம்பளம் அங்கேயே தீர்ந்துவிடும், சீசன் டிக்கெட் வாங்கிவிட்டால் மிச்சம் வீட்டுக்கு வரும் என்பதுதான் அவர் கணக்கு. நான் படித்தது அந்த மிச்சத்தில்.

அந்த விடியற்கால வண்டியில் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். நாலு பேர் சீட்டில் ஆறு பேர் இருப்பார்கள், "கொஞ்சம் நவுந்து உக்காரும்மா" என்றால் முகம் சுளிக்காமல் நகர்வார்கள். போன மாதம் திங்கட்கிழமை என் எதிரில் ஒரு அக்கா மடியில் ஈரத்துணி விரித்து மல்லி கட்டிக்கொண்டு வந்தார். விளக்கு வெளிச்சம் அவ்வளவு போதாது, அவர் பூவைப் பார்க்கவே இல்லை, பக்கத்து அக்காவிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்று, இழு. மாலூர் தாண்டும்போது கையில் இரண்டு முழம் இருந்தது. அதற்கு முன்பே, பங்காரப்பேட்டையில் வண்டி நின்றதும் கோலார் பக்கத்து ஆட்கள் ஏற, கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். தமிழ் மட்டும் சத்தம் குறையாது.

சரி, வசதிக்கு வருவோம். சில வண்டிகள் பெங்களூரிலிருந்து நேராக மாரிக்குப்பம் வரை போகும். அது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுங்கள். கிடைக்காவிட்டால் ஜோலார்பேட்டை, சென்னைப் பக்கம் போகும் ஏதாவது வண்டியில் வந்து பங்காரப்பேட்டையில் இறங்கி மாறவேண்டும். இங்கே ஒன்று கவனியுங்கள், எல்லா விரைவு வண்டியும் நிற்காது. வந்தே பாரத் எல்லாம் தடதடவென்று போய்விடும், டிக்கெட் எடுக்கும் முன் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறும் நேரமும் முக்கியம். நான் ஒரு தடவை போனில் இருந்த ஏதோ ஒரு செயலியை நம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அது காட்டிய நேரமும் தப்பு, பிளாட்பாரமும் தப்பு. மாரிக்குப்பம் வண்டி எதிர்ப் பக்கத்திலிருந்து என் கண் முன்னால் கிளம்பிப் போனது, கையில் இரண்டு பை, நடுவில் மேம்பாலம். அதிலிருந்து அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்கிறேன், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் யாராவது பெரியவரைக் கேட்டுவிடுகிறேன். தினமும் போகிறவர்களுக்குத் தெரியாத பிளாட்பாரம் கிடையாது. வண்டி விட்டுப்போனாலும் பயப்பட வேண்டாம், வெளியே வந்தால் தங்கவயலுக்கு பஸ் இருக்கிறது.

நான் குறைத்த அந்த அரை மார்க் இந்தக் காத்திருப்புக்குத்தான். கிளைப்பாதையில் வண்டிகள் காலையிலும் மாலையிலும் நெருக்கமாக இருக்கும், நடுப்பகலில் இடைவெளி நீளம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் கஷ்டம்.

காத்திருக்க நேர்ந்தால் பசியோடு இருக்காதீர்கள். பங்காரப்பேட்டை பானிபூரி பற்றி பெங்களூரில் போர்டு போட்டே விற்கிறார்கள், ஆனால் ஊருக்குள் போய்ச் சாப்பிடுவது வேறு. பச்சை நிறத் தண்ணீர் இல்லை, புளித்தண்ணீர் இல்லை, டம்ளரில் ஊற்றித் தந்தால் குடிதண்ணீர் என்றே நினைப்பீர்கள், அவ்வளவு தெளிவாக இருக்கும். வாயில் போட்ட ஒரு நொடி ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் காரம் மூக்கு வழியாக ஏறும், கண்ணில் தண்ணீர் நிற்கும், கை தானாக அடுத்த பூரிக்குப் போகும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது காரம் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் சொந்தம் உள்ள தங்கவயல்காரர்களுக்கும் இதுதான் வாசல். இங்கிருந்து காமசமுத்திரம், குப்பம் வழியாக ஜோலார்பேட்டை போகும் பாதை கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றையும் தொட்டுப் போகும். காது குத்து, கல்யாணம் என்றால் எங்கள் வீட்டில் பெங்களூர் ஆட்களும் தங்கவயல் ஆட்களும் பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒன்றாகப் போவோம். சீர்த்தட்டு, புடவைப் பை, புளிசாதப் பொட்டலம் எல்லாம் பெஞ்சில் வரிசையாக இருக்கும். வேறு எந்த இடத்தில் இறங்கினாலும் இப்படிச் சேர முடியாது.

ஹொஸ்கோட்டையிலிருந்து தங்கவயலுக்குப் பக்கத்தில் இருக்கும் பேத்தமங்கலம் வரை புது விரைவுச்சாலை வந்த பிறகு கார் வைத்திருப்பவர்கள் ரயிலை மறந்துவிட்டார்கள். கார் இருந்தால் போங்கள், வேகம்தான். ஆனால் மெட்ரோ வந்ததில் ரயிலுக்கும் லாபம்: 2023-ல் ஒயிட்ஃபீல்டு காடுகோடி வரை ஊதாப் பாதை வந்துவிட்டது, ரயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. முன்பு ஒயிட்ஃபீல்டில் இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் இப்போது இந்திராநகரே போய்விடலாம். தினமும் போய் வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பாவைக் கேட்டால் சொல்வார், அவர் காலத்தில் இது இல்லையே என்று எனக்கு வருத்தம்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் வருவதாக இருந்தால் கூட்டத்துக்குத் தயாராக வாருங்கள். டிக்கெட்டைப் போனிலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள், கவுண்டர் வரிசையில் நின்றால் வண்டி போய்விடும். பங்காரப்பேட்டை வந்ததும் நான் வீட்டுக்கு ஒரு போன் போடுவேன். "பங்காரப்பேட்டை வந்துட்டியாமா?" என்று அம்மா கேட்பார், ஆமாம் என்றதும் போனை வைக்காமலேயே அரிசியைக் களைய ஆரம்பித்துவிடுவார். அந்தச் சத்தம் எனக்கு இந்தப் பக்கம் கேட்கும்.