கையெழுத்து எந்த வீட்டில் குடியிருக்கிறது? மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கான மின்கையொப்ப மென்பொருள்கள்

மருத்துவக் கருவி தயாரிக்கும் நிறுவனத்தில் மின்கையொப்ப மென்பொருள் வாங்கலாமா என்று பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்திலேயே "இது பார்ட் 11-க்கு (மின்பதிவுகளுக்கும் மின்கையொப்பத்துக்குமான அமெரிக்க விதி) ஒத்துவருமா?" என்று யாராவது கேட்பார்கள். விற்க வந்தவர் "ஆமாம்" என்பார். எல்லோரும் தலையாட்டிவிட்டு விலைக்குப் போய்விடுவார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. எந்த மென்பொருளும் தானாகவே பார்ட் 11-க்கு ஒத்துவந்துவிடாது. பாதியை மென்பொருள் செய்யும். யாருக்குக் கணக்கு கொடுத்தோம், அவர் இன்னார்தான் என்று எப்படி உறுதிசெய்தோம், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எப்போது மூடினோம் என்ற மீதிப் பாதி நாம் எழுதி வைத்து நடத்த வேண்டிய நடைமுறை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 1997-ல் கொண்டுவந்த இந்த விதி, கையொப்பத்தைப் பொறுத்தவரை முக்கியமாக மூன்று விஷயங்களைக் கேட்கிறது. கையொப்பமிட்டவரின் பெயர், தேதியும் நேரமும், எதற்காகக் கையொப்பமிட்டார் (எழுதியவரா, சரிபார்த்தவரா, ஒப்புதல் தந்தவரா) ஆகியவை ஆவணத்தில் தெரிய வேண்டும். கையொப்பத்தைப் பிரித்தெடுத்து வேறு ஆவணத்தில் ஒட்ட முடியாதபடி அது பதிவோடு பிணைந்திருக்க வேண்டும். கைரேகை போன்றவற்றைப் பயன்படுத்தாத இடத்தில், பயனர் பெயர், கடவுச்சொல் என்பது போல இரண்டு கூறுகளாவது வேண்டும். சந்தையில் இருக்கும் வழிகளை இந்த மூன்றையும் வைத்தே பார்க்கலாம்.

முதலில் பொதுவான கிளவுட் கையொப்பச் சேவைகள். டாக்குசைன் இதற்கென்று பார்ட் 11 மாட்யூல் என்ற கூடுதல் பகுதியை வைத்திருக்கிறது. அடோபி அக்ரோபாட் சைனில் பயோ-ஃபார்மா அமைப்புகள் என்று ஒரு பகுதி உண்டு. இவற்றை இயக்காமல் சாதாரணமாகப் பயன்படுத்தினால் நடப்பது இதுதான்: மின்னஞ்சலில் இணைப்பு வரும், சொடுக்கினால் வேலை முடிந்தது. அதாவது அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கத் தெரிந்த யாரும் கையொப்பமிடலாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது மின்னஞ்சல் முகவரிக்கே ஒப்புதல் கோரிக்கை போய்க்கொண்டிருந்தது. உள் தணிக்கையில் "இதில் கையொப்பமிட்டது யார்?" என்று கேட்டபோது, மேலாளர் உட்பட யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது செய்யச் சொன்னதைத்தான் செய்தது.

மாட்யூலை இயக்கினால் கையொப்பமிடும் கணத்தில் மறுபடி உள்நுழையச் சொல்லும், காரணத்தையும் கேட்கும். சரி, பிரச்சினை தீர்ந்ததா? கையொப்பமான பிடிஎஃப் அந்தச் சேவைக்குள் இருக்கிறது. உங்கள் ஆவணக் கட்டுப்பாடு வேறெங்கோ இருக்கிறது. நடுவே ஒருவர் அதைப் பதிவிறக்கி, பெயர் மாற்றி, சரியான கோப்புறையில் ஏற்ற வேண்டும். புதிய திருத்தமான பி-க்குப் பதிலாகப் பழைய திருத்தமான ஏ ஏறிவிட்டால் எந்தக் கணினியும் தடுக்காது. யார் யார் எப்போது திறந்தார்கள் என்ற சான்று தனிக் கோப்பாக வந்தால், அதையும் கூடவே காப்பாற்றியாக வேண்டும். இந்த இடைவெளிதான் இவ்வகையின் உண்மையான செலவு, விலைப்பட்டியலில் அது இருக்காது.

தர மேலாண்மை மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் கையொப்பத்தில், அதாவது இ-க்யூஎம்எஸ் வகையில், இந்த இடைவெளி கிடையாது. பதிவு இருக்கும் இடத்திலேயே கையொப்பமும் விழுகிறது. கடைசி ஒப்புதல் வந்ததும் திருத்தம் நடைமுறைக்கு வந்து, பழையது விலகிவிடும்படி அமைக்கலாம். பிணைப்பு என்று விதி கேட்பதற்கு இதைவிட நேரான விடை இல்லை. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. காலையில் ஒற்றை உள்நுழைவு (ஒரே முறை நுழைந்தால் எல்லா மென்பொருளும் திறக்கும் வசதி) வழியாக உள்ளே போனவர், மாலையில் "ஒப்புதல்" பொத்தானை அழுத்தினாலே போதும் என்று சில நிறுவனங்கள் அமைத்துக்கொள்கின்றன. அப்படி முடியாது. தொடர்ச்சியாக ஒரே அமர்வில் பத்து ஆவணங்களுக்குக் கையொப்பமிட்டாலும், முதலாவதற்கு இரண்டு கூறுகளும் வேண்டும், பிறகு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒன்றாவது வேண்டும். ஒற்றை உள்நுழைவை வைத்துக்கொண்டே கையொப்பத்தின்போது கடவுச்சொல்லை மறுபடி கேட்க வைக்க முடியுமா என்று டெமோவிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இதன் இன்னொரு குறை, வெளியாட்கள். பாகம் சப்ளை செய்பவர், வெளி ஆய்வகம், எப்போதாவது வரும் ஆலோசகர் எல்லோருக்கும் கணக்கு கொடுத்துப் பயிற்சி தருவது பெரும் வேலை.

மூன்றாவது வழி, டிஜிட்டல் சான்றிதழ் (கையொப்பம் இன்னாருடையது என்று காட்டும் மின் அடையாளம்) வைத்துப் பிடிஎஃப்-இலேயே கையொப்பமிடுவது. கணிதப்படி பார்த்தால் இதுதான் கெட்டி. கையொப்பத்துக்குப் பிறகு கோப்பில் கைவைத்தால் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். இஐடாஸ் என்ற ஐரோப்பிய மின்கையொப்ப விதிப்படி, தகுதிபெற்ற நிலைக் கையொப்பத்துக்குப் பேனாக் கையெழுத்துக்குச் சமமான சட்ட மதிப்பு உண்டு. ஆனால் பலர் செய்வது அதுவல்ல. தங்கள் கணினியில் தாங்களே உருவாக்கிய சான்றிதழை வைத்துக் கையொப்பமிடுகிறார்கள். அதை யார் பெயரிலும் யாரும் உருவாக்கலாம். அப்புறம், சான்றிதழ் காலாவதியாகும். மருத்துவக் கருவி நிறுவனங்களின் தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 13485-ன்படி பதிவுகளைக் கருவியின் ஆயுள் முழுக்க, குறைந்தது வெளியிட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நீண்டகாலச் சரிபார்ப்புக்கான தகவலும் நம்பகமான நேர முத்திரையும் கோப்புக்குள் இல்லையென்றால், பல ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது "சரிபார்க்க இயலவில்லை" என்று வந்து நிற்கும். இரண்டு பிடிஎஃப்களை ஒன்றாக இணைத்தாலே கையொப்பம் போய்விடுவது தினசரிக் கூத்து.

அச்சடித்துப் பேனாவில் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்வதை நான் கேலி செய்ய மாட்டேன். ஐந்து பேர் இருக்கும் இடத்துக்கு அதுவே போதும், காகிதத்தை ஒழுங்காகக் காப்பாற்றினால். கையெழுத்தின் படத்தை வேர்டில் ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

இனி வேலிடேஷன், அதாவது மென்பொருள் நாம் எண்ணிய வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று சோதித்துப் பதிவுசெய்வது. தர அமைப்பில் பயன்படும் மென்பொருளை முதல் பயன்பாட்டுக்கு முன்பும், மாற்றங்கள் வந்தால் தேவைக்கேற்பப் பிறகும், அபாயத்துக்குத் தகுந்த அளவில் சரிபார்க்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 13485-ன் பிரிவு 4.1.6. எஃப்டிஏ-வின் புதிய தர விதி இந்தத் தரநிலையையே உள்வாங்கிக்கொண்டு பிப்ரவரி 2, 2026 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2022-ல் வரைவாக வந்து 2025-ல் இறுதியான மென்பொருள் உறுதிப்பாட்டு வழிகாட்டுதலும் அதே திசையில்தான் பேசுகிறது. அபாயம் குறைந்த இடத்தில் படிப்படியான ஸ்கிரிப்ட் இல்லாமலே சோதிக்கலாம், ஆனால் என்ன சோதித்தோம் என்ற பதிவு வேண்டும். நிறுவனங்களோ இன்னமும் ஸ்கிரீன்ஷாட்களை நூற்றுக்கணக்கில் எடுத்துக் குவிக்கின்றன.

விற்பவர் தரும் வேலிடேஷன் கோப்புகள் உதவும். ஆனால் அவை அவர்களின் அமைப்பைச் சோதித்தவை, உங்களுடையதை அல்ல. சோதனையில் நான் நேரம் செலவழிப்பது, தப்பாகப் போகக்கூடிய இடங்களில்தான். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூட்டுகிறதா? வேறொருவரின் பணியை நான் திறந்து கையொப்பமிட முடிகிறதா? கையொப்பத்துக்குப் பிறகு ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகிறது? இரண்டு நேர மண்டலங்களில் இருப்பவர்கள் கையொப்பமிட்டால் எந்த நேரம் அச்சாகிறது? அச்சிட்ட தாளில் காரணம் தெரிகிறதா, அல்லது திரையில் மட்டும்தானா? கிளவுட் சேவைகள் அவர்கள் அட்டவணைப்படி புதுப்பிக்கப்படும் என்பதால், இந்தச் சிறிய தொகுப்பை ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் மறுபடி ஓட்டுகிறேன். அரை நாள் ஆகும்.

என் முடிவு இப்படி. இ-க்யூஎம்எஸ் ஏற்கெனவே இருந்தால் தரப் பதிவுகளுக்கு அதன் கையொப்பமே. அந்த மென்பொருளை எப்படியும் வேலிடேட் செய்துதானே ஆக வேண்டும். ஒப்பந்தங்கள், பணி நியமன ஆணைகள் போன்றவற்றுக்குச் சாதாரண கிளவுட் சேவை போதும், அவற்றை பார்ட் 11-க்குள் இழுக்க வேண்டியதில்லை. இ-க்யூஎம்எஸ் இல்லாத சிறு நிறுவனம் என்றால் மாட்யூலோடு கூடிய கிளவுட் சேவை, ஆனால் தரப் பிரிவுக்குத் தனிக் கணக்கு. விற்பனைப் பிரிவின் கணக்கோடு கலந்தால் யாரோ ஒருவர் அந்த மாட்யூலை அணைத்துவிடுவார். சான்றிதழ் பிடிஎஃப், வெளியே போகும் சில ஆவணங்களுக்கு மட்டும்.

கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒப்பந்தம் முடிந்து நாங்கள் வெளியேறினால், கையொப்பமான பதிவுகளும், யார் எப்போது என்ன செய்தார் என்று காட்டும் ஆடிட் டிரெயிலும் எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள் எங்கள் கைக்கு வரும்?