இப்போடோவின் சயாகா: 20 கிராம் டப்பா, 10 கிண்ணம்

'செரிமோனியல் கிரேடு' (தேநீர்ச் சடங்குக்கான தரம்) என்ற அச்சை மட்டும் நம்பி, ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியான மாட்சாவை வாங்க வேண்டாம். ஜப்பானில் சட்டப்படி அப்படியொரு தரப்பிரிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். கியோட்டோவில் 1717-லிருந்து தேயிலை விற்றுவரும் இப்போடோ, தன் ஒவ்வொரு கலவைக்கும் ஒரு பெயர் வைத்து, சுவையின் அடர்த்தி வாரியாக அடுக்கி விற்கிறது. இங்கே பார்க்கும் மூன்றில் அடர்த்தியானது உம்மோன்-நோ-முகாஷி, இலகுவானது இகுயோ-நோ-முகாஷி. இரண்டுக்கும் நடுவில் சயாகா-நோ-முகாஷி. தினமும் ஒரு கிண்ணம் வெறும் தண்ணீரில் கலக்கிக் குடிக்க நினைப்பவர்களுக்கு இந்த மூன்றில் சயாகாவைத்தான் சொல்வோம்.

காரணம் சுவைதான். நாக்கில் முதலில் படுவது உமாமி என்ற ஐந்தாவது சுவை, கடற்பாசிச் சாறு போல ஒரு நிறைவு. அடுத்து லேசான இனிப்பு. துவர்ப்பு கடைசியில் தொட்டும் தொடாமலும் வந்து போகிறது. உம்மோனில் அந்தத் துவர்ப்பு இன்னும் அடங்கிக் கிடக்கும். ஆனால் தினசரிக் கிண்ணத்துக்கு அதன் விலை கட்டுப்படியாகாது. இகுயோவில் துவர்ப்பு முன்னால் வந்து நிற்கும். காலையில் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் அது நன்றாகவே இருக்கும், ஆனால் தண்ணீரின் சூடு கொஞ்சம் கூடினாலும் கசந்துவிடும்.

இந்த உமாமி நிழலில் பிறப்பது. பறிப்பதற்கு முன் மூன்று வாரத்துக்கும் மேலாகச் செடிகளை மூடிவைக்கிறார்கள். வெயில் பட்டால் இலையிலுள்ள தியானைன் என்ற அமினோ அமிலம் துவர்ப்புத் தரும் கேட்டசினாக மாறிவிடும். நிழல் அதைத் தடுக்கிறது. வெளிச்சம் போதாத இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்வதால் நிறமும் ஆழமாகிறது. பறித்ததை ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் கிடைப்பது தென்சா. அதைக் கல் திரிகையில் அரைத்தால் மாட்சா. ஒரு திரிகை மணிக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். வேகத்தைக் கூட்டினால் கல் சூடேறி வாசனை போய்விடும். டப்பாவின் விலையைப் பார்த்துத் திகைப்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

இனி கலக்கும் முறை. நல்ல மாட்சா வாங்கியவர்களும் ஏமாறுவது இங்கேதான்.

உசுச்சா எனப்படும் சாதாரணக் கிண்ணத்துக்கு 2 கிராம் பொடி, 60 மில்லி தண்ணீர், 80 டிகிரி. 2 கிராம் என்பது சாஷகு என்ற மூங்கில் கரண்டியில் குவித்து இரண்டு தடவை, அல்லது ஒரு டீஸ்பூன். பொடியைக் கட்டாயம் சலிக்க வேண்டும். அது அவ்வளவு நுண்ணியது என்பதால் நிலைமின்னேற்றத்தில் தானாகவே ஒட்டிக் கட்டியாகிவிடும். தண்ணீர் ஊற்றிய பிறகு எவ்வளவு கடைந்தாலும் அந்தக் கட்டி உடையாது. வெளியே நனைந்து உள்ளே காய்ந்த பொடியாகவே நிற்கும். சாதாரண டீ வடிகட்டியில் போட்டுக் கரண்டி முதுகால் தேய்த்தாலே போதும்.

தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதித்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி அதில் மூங்கில் மத்தை நனைத்து வையுங்கள். கிண்ணமும் சூடாகும், மத்தின் இழைகளும் இளகும். காய்ந்த இழை சட்டென்று முறியும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் துளி ஈரமில்லாமல் துடைத்துப் பொடியைச் சலியுங்கள். கலக்குவதற்கான தண்ணீரைத் தனியாக இரண்டு பாத்திரம் மாற்றி ஆற்றினால் 80-ஐ ஒட்டி வந்துவிடும். டீ ஆற்றத் தெரிந்த கைக்கு இது பழகிய வேலை. கொதிநீரை நேராக ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் மேலே வந்து, சயாகாவுக்குக் கொடுத்த காசு வீண். உப்புத் தண்ணீரும் சுவையை மங்கடித்துவிடும், மென்னீர் வேண்டும்.

கடையும்போது மத்தை வட்டமாகச் சுற்றக் கூடாது. மணிக்கட்டை மட்டும் அசைத்து, முன்னும் பின்னுமாக வேகமாக 15 முதல் 20 நொடி. இழைகளின் நுனி கிண்ணத்தின் அடியை அழுத்தக் கூடாது. நுரை எழுந்ததும் மத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து மெதுவாக நகர்த்தினால் பெரிய குமிழிகள் உடைந்து சன்னமான நுரை படியும். பெரிய குமிழி நின்றுவிட்டால் நாக்கில் பொருபொருவென்றிருக்கும், சுவைக்கும் மென்மை வராது. நுரை முழுக்க மூடியாக வேண்டும் என்றும் இல்லை; ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் உராசென்கே மரபு நிறைய நுரைக்கும், ஓமோதேசென்கே மரபு ஒரு பகுதியைத் திறந்தே விடும். கலந்ததும் குடித்துவிட வேண்டும். பொடி கரைவதில்லை, மிதக்கிறது. சில நிமிடத்தில் அடியில் தங்கிவிடும். இனிப்பு இருந்தால் தேநீருக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

பெயரின் கடைசியில் 'முகாஷி' என்றிருந்தால் கோயிச்சா எனும் கெட்டித் தேநீருக்கானது, 'ஷிரோ' என்றிருந்தால் உசுச்சாவுக்கானது என்பது பழைய வழக்கம். சயாகாவிலும் கோயிச்சா செய்யலாம்: 4 கிராம், 30 மில்லி, நுரைக்காமல் மெல்லக் குழைத்துத் தேன் பதம். ஆனால் அந்த அடர்த்தியில் சின்னக் குறைகூட ஒளியாது, சயாகாவின் துவர்ப்பு பெரிதாகத் தெரியும். கோயிச்சா ஆசை இருப்பவர்கள் உம்மோனுக்கே போகலாம். பாலில் கலக்க மட்டும் வாங்குபவர்களுக்கு சயாகா வேண்டாம். அதன் நுட்பத்தைப் பால் மூடிவிடும், இகுயோவின் துவர்ப்பே பாலைத் தாண்டித் தெரியும்.

இலை முழுவதையும் குடிப்பதால் 2 கிராமில் ஏறக்குறைய 64 மில்லிகிராம் காஃபீன் சேர்கிறது. மாலைக்குப் பிறகு தவிர்ப்பது நல்லது.

டப்பாவைத் திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள். அதனால்தான் 20 கிராமே போதும் என்கிறோம், மலிவாகத் தெரிகிறதென்று பெரிய டப்பா வாங்கினால் பாதி பழையதாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். சில்லென்ற பொடியில் காற்றின் ஈரம் உடனே படியும். பச்சை மங்கி மஞ்சள் தட்டி, வாசனை வைக்கோலை ஒத்துவிட்டால் அது கெட்டுப்போகவில்லை, ஆனால் சயாகாவாகவும் இல்லை. அதைக் கேக்கில் போட்டுவிடலாம். மத்துக்கு சோப்பு காட்டாதீர்கள். வெந்நீரில் அலசி, வந்த பிளாஸ்டிக் குப்பியில் திரும்ப அடைக்காமல் காற்றில் உலர்த்துங்கள், அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.