சௌக்கிட்டா, பாசார் தானியா? எதற்கு எங்கே போகலாம்

கோலாலம்பூரில் வாரச் சாமான் வாங்க எங்கே போவது என்று பேச்செடுத்தால் செந்தூலில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. அம்மா பாசார் தானி, அதாவது விவசாயிகள் நேரில் விற்கும் வாரச் சந்தை. அப்பா சௌக்கிட், நகர நடுவில் உள்ள மீன், காய்கறிச் சந்தை. இருவருக்கும் கூடை தூக்கிப் பழகியவன் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீரைக்கும் பழத்துக்கும் பாசார் தானி. மீனுக்கும், விருந்துச் சமையலுக்கு மொத்தமாக வாங்குவதற்கும் சௌக்கிட். இரவுச் சந்தை அவசரத்துக்கு மட்டும்.

பாசார் தானியை நடத்துவது ஃபாமா. 1965-இல் அமைக்கப்பட்ட மலேசியக் கூட்டரசு வேளாண் சந்தை நிறுவனம் அது. 1985-இல் பாசார் தானியைத் தொடங்கியது. இடையில் ஆள் இல்லாமல் விவசாயியே நேரில் விற்க வேண்டும் என்பதுதான் திட்டம். தமிழ்நாட்டில் உழவர் சந்தை வந்தது 1999-இல். அதே எண்ணம் நம் ஊரில் 14 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இதற்கென்று தனிக் கட்டடம் இருக்காது. வாரத்தில் ஒரு காலை, ஏதாவது ஒரு திடலிலோ கார் நிறுத்தும் இடத்திலோ கூடாரம் போடுவார்கள். நாங்கள் 7 மணிக்கெல்லாம் போய்விடுவோம். 10 மணிக்குப் போனால் நல்ல கீரை இருக்காது.

அங்கே அம்மா தவறாமல் நிற்கும் கடை ஒன்று உண்டு. கடை என்றால் ஒரு மடக்கு மேசை, அவ்வளவுதான். மேசைமேல் வல்லாரை, வாழையிலை, இரண்டு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம், ஒரு தட்டு கம்பத்துக் கோழி (நாட்டுக் கோழி) முட்டை. வல்லாரை வேரோடு இருக்கும், வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும். விற்கும் மலாய் அம்மாவை மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதைப் பெகாகா என்பார். சுபு என்னும் அதிகாலைத் தொழுகை முடிந்து பறித்தது என்று சொல்வார். முதல் தடவை அம்மா ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, “வாசம் பார், நம்ம வல்லாரைதான்” என்று என்னிடம் நீட்டினார். மலாய்க்காரர்கள் அதைப் பச்சையாக சம்பால் பெலாச்சான் என்னும் இறால் விழுது மிளகாய்ச் சம்பலில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், நாம் தேங்காயும் புளியும் வைத்துத் துவையல் அரைக்கிறோம். இந்தச் செய்முறைகளை இருவரும் பரிமாறிக்கொண்டது எனக்குத் தெரிந்து ஐந்தாறு வாரம் ஓடியது.

ஆனால் ஒன்று. பாசார் தானியில் நிற்பவர் எல்லாரும் பயிரிட்டவர் அல்ல. கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருப்பவரின் சரக்கு மொத்தச் சந்தையிலிருந்து வந்திருக்கும். முட்டைக்கோஸ் கேமரன் மலையின் குளிரில் விளைவது, கேரட் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. சிலாங்கூர் சமவெளியில் தோட்டம் வைத்திருப்பவரிடம் அவை எப்படி இருக்கும்? மூன்று நான்கு பொருள் மட்டும், அதுவும் சிறிதும் பெரிதுமாக வைத்திருப்பவரைத் தேடுங்கள். எப்போது பறித்தது என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் வாங்கலாம்.

இப்போது அப்பாவின் கட்சி. சௌக்கிட் மோனோரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். சந்துகள் குறுகல், தரை எப்போதும் ஈரம், நல்ல செருப்பு அவசியம். ஆனால் அங்கே கிடைக்காதது என்று எதைச் சொல்வது? மீன், இறால், நண்டு, ஆட்டிறைச்சி, கண்முன்னே துருவித் தரும் தேங்காய், கட்டுக்கட்டாக உலாம், அதாவது பச்சையாகச் சாப்பிடும் இலைகள். 40 பேருக்கு விருந்து என்றால் பாசார் தானியை நம்பவே முடியாது, சௌக்கிட்டில் ஒரே நடையில் முடித்துவிடலாம். மீனின் செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். மூன்று கடை தள்ளிப் போனால் வேறு விலை இருக்கும், அதனால் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாங்குவது அப்பாவின் வழக்கம்.

கீரையில்தான் அது தோற்கிறது. கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூருக்குச் சாலை வழியே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். லாரி ஏறி, செலாயாங் மொத்தச் சந்தையில் இரவில் இறங்கி, அப்புறம்தான் நகரத்துக் கடைகளுக்குப் பிரிகிறது. முட்டைக்கோசுக்கு அந்தப் பயணம் ஒன்றும் செய்யாது. கீரை அப்படியா? தண்ணீர் தெளித்து நிமிர்த்தி வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் தண்டு துவண்டுவிடும்.

இன்னும் இரண்டு சந்தைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் சந்தை சுத்தம், மேலேயே சாப்பாட்டுக் கடைகள், வயதானவர்களைக் கூட்டிப் போக அதுதான் வசதி. விலை மட்டும் கொஞ்சம் கூடுதல் என்பது என் அனுபவம். பங்சாரில் ஞாயிறு மாலை கூடும் இரவுச் சந்தை வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோது. எந்த இரவுச் சந்தையானாலும் முன்கூட்டியே கட்டி வைத்த பையை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு தடவை ஒரு கடையில் அப்படி வாங்கிய தக்காளியில் அடியில் கிடந்த பாதி அழுகியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் போடுகிறேன்.

ஆக, இப்போது வீட்டில் ஓர் ஏற்பாடு. பாசார் தானி வாரம் தவறாமல், சௌக்கிட் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அப்பாவும் வல்லாரைத் துவையலுக்கு வாய் திறப்பதில்லை, தட்டைத்தான் நீட்டுகிறார். அடுத்த வாரம் வாழைப்பூ கொண்டுவருவதாக மக்சிக் சொல்லியிருக்கிறார். அம்மா இரண்டு சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.