கும்பகோணத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை: பெகாசஸ் பயத்தோடு போய் வந்த கதை

மகாமகக் குளத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கடைப் பெயரைப் போடாதீர்கள், கூட்டம் வந்தால் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மேல்கரைப் பக்கம் யாரிடமாவது "முன்னாடியே உட்கார வச்சுப் பிரிக்கிற கடை" என்று கேளுங்கள், கை காட்டிவிடுவார்கள்.

நான் பாபநாசம் பக்கத்து விவசாயி. ஊர் விவசாயிகள் சங்கத்தில் கணக்கு வழக்கும் பார்க்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மறியலுக்கு ஆள் கூப்பிடுவது, நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்பதைப் பற்றிப் புகார் எழுதுவது, சிட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது, பேங்க் ஓடிபி, எல்லாமே ஒரே போனில்தான். இரண்டு மாதமாக அது சட்டைப் பையில் சும்மா இருக்கும்போதே சுட்டது. காலையில் நூறு சதவீதம் ஏற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இருபதுக்கு வந்துவிடும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஆனால் நானும் சங்கத் தலைவரும் மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்ட ஒரு மனுவின் விவரம், நாங்கள் கொடுக்கப் போவதற்கு முன்பே வேறொருவர் வாயில் வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

2021 ஜூலையில் பெகாசஸ் செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லும் உளவு மென்பொருள். லிங்க்கைத் தொடாவிட்டாலும் போனுக்குள் இறங்கி மைக், கேமரா, மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துவிடும். உளவு பார்க்கத் தேர்ந்தெடுத்ததாகக் கருதப்பட்ட, உலகம் முழுக்க 50,000 எண்கள் கொண்ட ஒரு பட்டியலை 17 ஊடகங்கள் சேர்ந்து ஆராய்ந்ததில், 300-க்கு மேற்பட்ட இந்திய எண்கள் அடையாளம் காணப்பட்டன. பட்டியலில் இருந்தாலே ஒட்டுக் கேட்டார்கள் என்று அர்த்தமில்லை, ஆனால் ராகுல் காந்தி எண்ணும் தேர்தல் ஆணையராக இருந்த அசோக் லவாசா எண்ணும் அதில் ஏன் வரவேண்டும்? சட்டத்தை மீறிய கண்காணிப்பு எதுவும் இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்ன அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவின் எண்ணே அதில் இருந்தது. வாங்கினீர்களா இல்லையா என்ற கேள்விக்கு, பாதுகாப்பு அமைச்சகம் மட்டும் என்எஸ்ஓவோடு வியாபாரம் எதுவும் இல்லை என்றது, மொத்த அரசாங்கத்தின் சார்பில் நேரடியான பதில் வரவில்லை. அந்தக் கூட்டத்தொடரே அமளியில் போய் இரண்டு நாள் முன்கூட்டியே முடிந்தது.

எங்கள் ஊரில் அதனால் என்ன ஆனது என்று கேட்டால், "போன்ல வேணாம், நேர்ல வா" என்று பெரியவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். நடவு நேரத்தில் ஒரு வார்த்தை சொல்ல ஏழு கிலோமீட்டர் வண்டியை எடுக்கவேண்டும். இரண்டு பேர் சங்கத்துக் குழுவை விட்டே விலகினார்கள், இன்றுவரை திரும்பவில்லை. எனக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

சரி, கடைக்கு வருகிறேன். முதலில் போனது இந்தக் கடை இல்லை, வேறு ஊரில் பளபளவென்று இருந்த ஒன்று. பேட்டர்னைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள், போனை உள்ளே கொண்டுபோனார்கள், இரண்டு மணி நேரம் கழித்து "ஸ்பை வைரஸ் எடுத்தாச்சு" என்று 1,500 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஆன்டிவைரஸ் ஆப் போட்டிருந்தது, அவ்வளவுதான். சூடு அப்படியே இருந்தது.

கும்பகோணத்துத் தம்பி பேட்டர்னைக் கேட்கவில்லை. "நீங்களே திறங்கண்ணே, நீங்களே பிடிங்க, நான் சொல்றதைத் தொடுங்க" என்றார். எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண், டிஸ்பிளே உடைந்த போனை மாற்ற வந்திருந்தது. வேலை முடியும்வரை திரை அந்தப் பெண் பக்கமே இருக்கிற மாதிரி போனைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் திருகாணியைப் போட்டார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

பெகாசஸ் இருக்குமா தம்பி என்று நேராகவே கேட்டேன். சிரிக்கவில்லை. "இருந்தா என்கிட்ட இருக்கிற எதுலயும் தெரியாதுண்ணே. அம்னெஸ்டின்னு ஒரு மனித உரிமை அமைப்பு, அவங்க ஒரு டூல் விட்டிருக்காங்க, அதுவும் ஐபோன்லதான் ஓரளவு தடயம் காட்டும், ஆண்ட்ராய்டுல கஷ்டம். எடுத்துத் தர்றேன்னு எவனாவது சொன்னா காசு கொடுக்காதீங்க." உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவே 29 போன்களைப் பார்த்து ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருக்கிறது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று சொல்ல முடியவில்லை என்றுதானே 2022-ல் முடித்தது? மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அந்தக் குழு சொன்னது. இந்தத் தம்பி தெரியாததைத் தெரியாது என்றார், அதற்குக் காசும் வாங்கவில்லை.

அப்புறம் வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தைத் திறக்கச் சொன்னார். கூகுள் குரோம், விண்டோஸ், கடைசியாக இயங்கியது நேற்று மாலை. என்னிடம் கம்ப்யூட்டரே கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது: சிட்டா பிரின்ட் எடுக்கப் போன ஒரு பிரவுசிங் சென்டரில் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள், செய்தேன், வெளியேறாமல் வந்துவிட்டேன். அவர்கள்தான் படித்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் எங்கள் மனு நாள் கணக்காக அந்தத் திரையில் திறந்து கிடந்திருக்கிறது. "லாக் அவுட்" தொடும்போது கை நடுங்கியது.

சூட்டுக்குக் காரணம் பேட்டரி. பின்மூடியைக் கழற்றியதும் பணியாரம் மாதிரி உப்பியிருந்ததைக் காட்டினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆபத்து என்றார். புதுப் பேட்டரி 1,100, கூலி 200, ஐம்பது நிமிஷம். பழைய பேட்டரியையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஒதுக்கி வைத்தார். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கி வைத்திருந்த ஒரு கடன் ஆப்பையும் என் கையாலேயே நீக்க வைத்தார்.

குறை இல்லாமல் இல்லை. உட்கார இரண்டு ஸ்டூல்தான், பில் கேட்டால்தான் எழுதுகிறார், பேட்டரிக்கு எத்தனை மாத வாரண்டி என்பதை நான் இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதி வாங்கினேன். ஸ்பேர் கைவசம் இல்லையென்றால் சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும்.

காத்திருந்தபோது பேச்சு மறுபடி என்எஸ்ஓ பக்கமே போனது. 2021 நவம்பரில் அமெரிக்கா அந்த நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் போட்டது, அடுத்த வருஷம் சுமார் நூறு பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள், தலைமை அதிகாரி விலகினார். வாட்ஸ்அப் போட்ட வழக்கில் 2025 மே மாதம் ஜூரி சுமார் 16.8 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது, அதைப் பிறகு நீதிபதி ஏறக்குறைய 40 லட்சமாகக் குறைத்துவிட்டார். கிரீஸில் இதே மாதிரி ஒட்டுக் கேட்பு விவகாரத்தில் 2022-ல் உளவுத்துறைத் தலைவர் பதவி விலகினார். இங்கே யார் விலகினார்கள் என்று தம்பி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

போகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு முன்னால் போங்கள், சாயங்காலம் காலேஜ் கூட்டம். போனதும் முதலில் அந்த "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பக்கத்தைத் திறந்து பாருங்கள், அதற்கு அவர் காசு வாங்குவதில்லை. விலகிப் போன எங்கள் ஆட்கள் இரண்டு பேரையும் அடுத்த வாரம் அங்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.