பழைய ஸ்னோமொபைலும் பட்டறைக்காரரும்

கனடாவின் சட்பரியில் வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி), விற்றவர் வாசலில் ஒரே இழுப்பில் கிளம்பியது. இன்ஜின் மூடி அப்போதே வெதுவெதுப்பாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்; நான் வருமுன்பே சூடாக்கி வைத்திருக்கிறார். வீட்டில், மைனஸ் 22 டிகிரியில், 40 முறை கயிற்றை இழுத்தும் அசையவில்லை.

ஊர்க்கோடிப் பட்டறைக்காரர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். தீப்பொறி நீலமாக, நன்றாகவே வந்தது; ஆனால் முனை காய்ந்திருந்தது, அதாவது பெட்ரோல் வரவில்லை. பிளக் துளையில் ஒரு கரண்டி பெட்ரோல் ஊற்றி இழுத்ததும் 2 விநாடி உறுமி நின்றது. கோளாறு கார்புரேட்டரில்தான். பழைய பெட்ரோல் பாகாய் இறுகி, குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் நுண்துளையான பைலட் ஜெட்டை அடைத்திருந்தது. விளக்கொளியில் பிடித்துக் காட்டினார்; துளையே தெரியவில்லை.

கூலி 140 டாலர், நியாயம். தொலைபேசியைத்தான் எடுக்கவே மாட்டார்; நேரில் போங்கள்.