ஒரு வெர்லாண்டரா, மூன்று நடுத்தர பிட்சர்களா?

2022 டிசம்பரில் பத்தே நாளில் அமெரிக்க பேஸ்பால் அணியான நியூயார்க் மெட்ஸின் பந்துவீச்சு வரிசை தலைகீழாக மாறியது. முதலில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 5 ஆண்டு, 18.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து ஜேக்கப் டிகிராமைக் கொண்டுபோனது. மூன்று நாள் கழித்து மெட்ஸ் அவர் இடத்துக்கு ஜஸ்டின் வெர்லாண்டரை 2 ஆண்டுக்கு 8.67 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அடுத்த வாரம் மெட்ஸின் இன்னொரு பிட்சர் கிறிஸ் பாசிட் டொரான்டோ புளூ ஜேஸுடன் 3 ஆண்டுக்கு, 6.3 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். முதல் இரண்டு ஒப்பந்தங்களைப் பற்றி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மூன்றாவதைப் பற்றி எப்போதாவதுதான் பேச்சு வருகிறது. வயதான ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியிலும் சேரக்கூடிய) பிட்சரை வாங்குவது லாபமா என்ற கேள்விக்கு நல்ல பதில் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரு நாள் வீசினால் அடுத்த நான்கைந்து நாள் ஓய்வு. 162 ஆட்டம் கொண்ட ஒரு பருவத்தில், உடம்பு ஒத்துழைத்தால், 30 முதல் 33 ஆட்டம் தொடங்கலாம். ஈஆர்ஏ என்பது 9 இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன், ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக. 3-க்குக் கீழே இருந்தால் மிகச் சிறப்பு, 4-ஐ ஒட்டி இருந்தால் சுமாருக்கு மேல்.

டிகிராம் பக்கம் நிற்பவர்களின் வாதம் எளிது: அவரைப் போல வீச இன்னொருவர் கிடையாது. 2018-ல் 1.70 ஈஆர்ஏ, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2021-ல் 1.08. ஆனால் அந்த 1.08 வெறும் 15 ஆட்டத்தில் வந்தது. ஜூலைக்குப் பிறகு அவர் களத்துக்கே வரவில்லை. 2022-ல் ஆகஸ்ட் வரை காத்திருந்து 11 ஆட்டம். 34 வயதில், இரண்டு பருவம் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்த தோளுக்கும் முழங்கைக்கும் 5 ஆண்டு உத்தரவாதம் கொடுத்தது டெக்சாஸ். 2023-ல் 6 ஆட்டம் வீசினார். ஜூனில் முழங்கைத் தசைநாருக்கு இரண்டாவது முறையாக டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2024 செப்டம்பரில் திரும்பி வந்து 3 ஆட்டம். இரண்டு ஆண்டில் 7 கோடி டாலர் சம்பளம், 9 ஆட்டம்.

2025-ல் அவர் எழுந்து வந்த விதம் பெரிது. 37 வயதில் 30 ஆட்டம், 172 இன்னிங்ஸுக்கு மேல், 2.97 ஈஆர்ஏ, மீண்டுவந்த வீரருக்கான விருது. டெக்சாஸ் ரசிகர்கள் அதைக் காட்டி வாதாடுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆண்டு அணி 81 வெற்றி, 81 தோல்வி. டெக்சாஸ் உலகத் தொடர் கோப்பையை வென்ற 2023 பிளேஆஃப்பில், அதாவது பருவம் முடிந்து நடக்கும் கோப்பைச் சுற்றில், அவர் ஒரு பந்துகூட வீசவில்லை.

வெர்லாண்டர் கதை வேறு. 2022-ல் ஹியூஸ்டனுக்காக 18 வெற்றி, 1.75 ஈஆர்ஏ, ஒருமனதாக சை யங் விருது. ஒப்பந்தம் தொடங்கும்போது 40 வயது ஆகப்போகிறது, ஆண்டுக்கு 4.33 கோடி டாலர். அந்தத் தொகையைப் பார்த்துப் பலர் மலைத்தார்கள். எனக்கு உறுத்தியது தொகைக்குப் பின்னால் வந்த வரி. சம்பளப் பட்டியல் லீக் வைத்த உச்ச வரம்பான 29.3 கோடி டாலரைத் தாண்டியதால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் மெட்ஸ் 90 சென்ட் ஆடம்பர வரி கட்ட வேண்டிய நிலை. முழுப் பருவத்துக்கு வெர்லாண்டரை வைத்திருந்தால் உண்மைச் செலவு 8 கோடியைத் தாண்டும். 2023-ல் மெட்ஸ் கட்டிய மொத்த ஆடம்பர வரியே 10 கோடி டாலருக்கு மேல்.

இத்தனை செலவிட்டும் அந்தப் பருவம் தோள்பட்டைத் தசை இழுப்போடு தொடங்கியது. மே மாதம்தான் வந்தார். மெட்ஸுக்காக 16 ஆட்டம், 3.15 ஈஆர்ஏ. மோசமான எண் இல்லை. ஆனால் முந்தைய ஆண்டு 101 ஆட்டம் வென்ற அணி அதற்குள் சரிந்துவிட்டது. பருவம் தொடங்கும் முன்பே ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பிட்சர் எட்வின் டியாஸ் நாடுகளுக்கிடையிலான உலக பேஸ்பால் கிளாசிக்கில் முழங்காலில் காயமடைந்தது, பின்வரிசை தளர்ந்தது எல்லாம் சேர்ந்து 75 வெற்றியில் முடிந்தது. ஒரு பிட்சரால் அதைத் தடுத்திருக்க முடியாது.

ஆகஸ்ட் 1 அன்று வெர்லாண்டர் ஹியூஸ்டனுக்கே திரும்பினார். மீதிச் சம்பளத்தில் பெரும்பங்கைத் தாங்களே சுமந்துகொண்டு, பதிலுக்கு ட்ரூ கில்பர்ட், ரயான் கிளிஃபோர்ட் என்ற இரண்டு இளைஞர்களை மெட்ஸ் வாங்கியது. குறுகிய ஒப்பந்தத்தின் பலம் இங்கேதான் தெரிகிறது: தவறிப்போனாலும் கைமாற்ற முடிகிறது. அறுவை சிகிச்சை முடிந்து, இன்னும் நாலரை ஆண்டு பாக்கி இருந்த டிகிராமை அன்று யார் வாங்கியிருப்பார்கள்? இரண்டாம் ஆண்டில் வெர்லாண்டர் 17 ஆட்டம், 5.48 ஈஆர்ஏ என்று விழுந்தார். நியூயார்க்கிலேயே இருந்திருந்தால் அந்த வலியும் மெட்ஸ் ரசிகர்களுடையதாகியிருக்கும்.

இனி பாசிட். 2022-ல் மெட்ஸுக்காக 15 வெற்றி, 181 இன்னிங்ஸுக்கு மேல். வேகப்பந்தில் மிரட்டுபவர் இல்லை. ஏழெட்டு வகைப் பந்தைக் கலந்து வீசி பேட்டரைக் குழப்புபவர். அவர் போனபோது ரசிகர்களிடம் பெரிய வருத்தம் தெரியவில்லை. டொரான்டோவில் மூன்று ஆண்டில் அவர் தொடங்கிய ஆட்டங்கள் 33, 31, 31. மொத்தம் 95. முதல் ஆண்டிலேயே 200 இன்னிங்ஸ், 16 வெற்றி. ஈஆர்ஏ மூன்றரைக்கும் நாலுக்கும் சற்று மேலாக அலைந்தது, அவ்வளவுதான். 2025-ல் புளூ ஜேஸ் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனபோது மாற்றுப் பிட்சராக வந்து முக்கியமான கட்டங்களில் வீசினார்.

தொடங்கிய ஓர் ஆட்டத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டேன். பாசிட்டுக்குச் சுமார் 6.6 லட்சம் டாலர். வெர்லாண்டர் இரண்டு ஆண்டில் இரு அணிக்குமாக 44 ஆட்டம். ஆட்டத்துக்குச் சுமார் 20 லட்சம். டிகிராம், 2025-ஐயும் சேர்த்து மூன்று ஆண்டில், 39 ஆட்டத்துக்கு 11 கோடி. ஆட்டத்துக்குச் சுமார் 28 லட்சம்.

"அக்டோபர் பிளேஆஃப்பில் பாசிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரிய ஆட்டத்துக்குப் பெரிய கை வேண்டாமா?" என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. அதற்கு டெக்சாஸிடமே பதில் இருக்கிறது. டிகிராமை எடுத்த அதே டிசம்பரில் நேதன் எவால்டியை 2 ஆண்டுக்கு 3.4 கோடிக்கு எடுத்தார்கள். அவரும் இரண்டு டாமி ஜான் அறுவை சிகிச்சை ஆனவர். 2023 பிளேஆஃப்பில் 5 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. கோப்பையை வாங்கித் தந்தவர்களில் அவர் முன்வரிசை.

மெட்ஸும் பாடம் கற்றது. 2024-ல் ஷான் மனேயா, லூயிஸ் செவெரினோ, ஹோசே கின்டானா ஆகிய மூன்று அனுபவசாலிகள் 32, 31, 31 ஆட்டம் தொடங்கினார்கள். மொத்தம் 94, பருவத்தின் பாதிக்கும் மேல். மூவரின் ஆண்டுச் சம்பளமும் சேர்ந்து ஏறக்குறைய 4 கோடி டாலர், அதாவது வெர்லாண்டர் ஒருவரின் சம்பளத்தைவிடக் குறைவு. அந்த அணி நேஷனல் லீக் இறுதி வரை போய் டாட்ஜர்ஸிடம்தான் தோற்றது.

இந்த வழியும் எப்போதும் பலிப்பதில்லை. கின்டானா 2023-ல் விலா எலும்பு அறுவை சிகிச்சையால் 13 ஆட்டம்தான் தொடங்கினார். 2024-ல் அசத்திய மனேயாவுக்கு மெட்ஸ் 3 ஆண்டுக்கு 7.5 கோடி கொடுத்தது. 2025-ல் அவர் காயத்தோடு தொடங்கி 5.64 ஈஆர்ஏவில் முடித்தார். 3.4 கோடிக்கு வந்த ஃபிராங்கி மான்டாஸ் 6-ஐத் தாண்டினார். மெட்ஸ் 83 வெற்றியோடு பிளேஆஃப்புக்கு வெளியே நின்றது. ஆனாலும் மூவரில் ஒருவர் விழுந்தால் இருவர் மிச்சம், ஒருவரிடமே 4.33 கோடியைக் கட்டினால் மிச்சம் எதுவும் இல்லை.

ஆகவே என் வரிசையில் பாசிட், எவால்டி ஒப்பந்தங்கள் முதலில். வெர்லாண்டர் இரண்டாவது, குறுகிய காலம் என்பதற்காக மட்டும். டிகிராம் கடைசி. அவர் ஒப்பந்தத்தில் 2026-க்கு 3.8 கோடி, 2027-க்கு 3.7 கோடி எழுதப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு ஆண்டும் அவர் 2025-ஐப் போலவே வீசினாலும், ஐந்து ஆண்டுக்குமான சராசரி ஆட்டத்துக்குச் சுமார் 19 லட்சம் டாலரில் நிற்கும். பாசிட்டின் விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.